அண்டக் கதிர்ப் பரவல்

அண்டக் கதிர்ப் பரவல் என்பது, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் செல்லும் மின்னூட்டம் கொண்ட துகள்கள், தாம் முடுக்கம் பெற்ற இடத்திலிருந்து விண்வெளியின் காந்தப்புலங்களூடாக நகர்ந்து செல்லும் முறையைக் குறிக்கும். விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் உள்ள காந்தப்புலம் சீரானது அன்று. அது கொந்தளிப்பு மிக்கது. ஆகையால் அண்டக் கதிர்த் துகள்கள் நேர்கோட்டில் செல்வதில்லை. அவை மீண்டும் மீண்டும் சிதறடிக்கப்பட்டு, பல இலட்சம் முறை திசை மாறி, ஒரு சமவாய்ப்பு நடையாகவே முன்னேறுகின்றன. புவியை வந்தடையும் ஓர் அண்டக் கதிர் எத்திசையிலிருந்து வந்தது என்பதைத் துல்லியமாக அளந்தாலும், அதன் பிறப்பிடம் அத்திசையில் இருப்பதாகக் கொள்ள இயலாது. 1912 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட அண்டக் கதிர்களின் பிறப்பிடம் பற்றிய கேள்வி, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் முழுமையாகத் தீர்க்கப்படாமல் இருப்பதற்கு இதுவே முதன்மையான காரணமாகும்.

அண்டக் கதிர்கள்

அண்டக் கதிர்கள் என்னும் பெயர் இருப்பினும் இவை ஒளியைப் போன்ற கதிர்கள் அல்ல, துகள்களே ஆகும். இவற்றில் ஏறத்தாழ 90 விழுக்காடு புரோட்டான்கள் (நேர்மின்னிகள்). 9 விழுக்காடு அளவில் ஹீலியம் அணுக்கருக்கள். எஞ்சியவை கார்பன், ஆக்சிசன், இரும்பு முதலிய கனமான அணுக்கருக்களும் எலக்ட்ரான்களும் (எதிர்மின்னிகள்) ஆகும்.

இவற்றின் ஆற்றல் எலக்ட்ரான்வோல்ட் (எ.வோ.) என்னும் அலகில் அளக்கப்படுகிறது. 10⁹ எ.வோ. அளவிலிருந்து 10²⁰ எ.வோ.க்கு மேல் வரை அண்டக் கதிர்கள் காணப்படுகின்றன. ஆற்றல் கூடக் கூட எண்ணிக்கை விரைந்து குறைகிறது. ஆற்றல் 10 மடங்கு ஆகும்போது, அந்த அளவைவிடக் கூடுதல் ஆற்றல் உடைய துகள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 50இல் ஒரு பங்காகிறது. இவ்வீழ்ச்சி ஏறத்தாழ 3×10¹⁵ எ.வோ. அளவில் மேலும் செங்குத்தாகிறது. வரைபடத்தில் இவ்விடம் மடங்கிய காலின் முழங்காலைப் போல் தோன்றுவதால் 'முழங்கால்' என்று அழைக்கப்படுகிறது. 5×10¹⁸ எ.வோ. அளவில் வீழ்ச்சி மீண்டும் சற்றுத் தணிகிறது. இது 'கணுக்கால்' எனப்படுகிறது.

வரலாறு

1912 ஆம் ஆண்டு ஆகத்து 7 அன்று ஆத்திரிய இயற்பியலாளர் விக்டர் எசு, வெப்பக் காற்றின்றி ஐதரசன் நிரப்பிய பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து, உயரம் கூடும்போது காற்றை அயனியாக்கும் கதிர்வீச்சும் கூடுவதைக் கண்டார். இக்கண்டுபிடிப்புக்காக 1936 ஆம் ஆண்டில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1934 இல் வால்டர் பாடே, பிரிட்சு சுவிக்கி ஆகியோர் மீயொளிர் விண்மீன் வெடிப்புகளே (சூப்பர்நோவா) அண்டக் கதிர்களின் மூலமாக இருக்கலாம் என்னும் கருத்தை முன்வைத்தனர். 1942 இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆனசு ஆல்வென், மின்கடத்தும் பாய்மத்தில் உள்ள காந்தப்புலக் கோடுகள் இழுத்துக் கட்டிய கம்பியைப் போல் அதிரக் கூடியவை என்று காட்டினார். இவ்வதிர்வுகள் இன்று ஆல்வென் அலைகள் எனப்படுகின்றன. 1949 இல் என்ரிக்கோ பெர்மி, நகரும் காந்த முகில்களில் மோதி மீளும் துகள்கள் ஆற்றல் பெறலாம் என்று விளக்கினார். அண்டக் கதிர்களின் வரலாற்றைக் காந்தப்புலங்களின் வரலாற்றோடு உறுதியாக இணைத்தது இந்த ஆய்வே ஆகும்.

1964 இல் வித்தாலி கின்சுபர்க், செர்கே சிரொவாத்சுகி ஆகியோர் எழுதிய நூல், பால் வழி முழுவதும் அண்டக் கதிர்கள் விரவிப் பரவும் படிமத்தை முறைப்படுத்தியது. 1960களின் நடுப்பகுதியில் யூஜீன் பார்க்கர், சாக் சோக்கிப்பி ஆகியோர் கொந்தளிப்பான காந்தப்புலத்தில் துகள்களின் பரவலுக்கான கணிதத்தை உருவாக்கினர்.

விண்மீனிடைக் காந்தப்புலம்

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி முற்றிலும் வெற்றிடம் அன்று. பால் வழியின் வட்டில், ஒரு கன சென்டிமீட்டருக்குச் சராசரியாக ஓர் அணு என்னும் அளவில் வளிமம் உள்ளது. இதன் ஒரு பகுதியாவது அயனியாகி இருப்பதால் இது மின்னைக் கடத்துகிறது. எனவே காந்தப்புலக் கோடுகள் வளிமத்தோடு பிணைந்து, அது செல்லுமிடமெல்லாம் இழுத்துச் செல்லப்படுகின்றன.

1949 இல் தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளி முனைவாக்கம் பெற்றிருப்பது கண்டறியப்பட்டது. காந்தப்புலத்தால் வரிசைப்படுத்தப்பட்ட தூசித் துகள்களே இதற்குக் காரணமாகும். இம்முனைவாக்கத் திசைகள் இடத்துக்கிடம் எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் கொண்டு, 1953 இல் சுப்பிரமணியன் சந்திரசேகரும் பெர்மியும் பால் வழியின் சுருள் கையிலுள்ள காந்தப்புலத்தின் வலிமையைக் கணித்தனர். கொந்தளிக்கும் வளிமம் புலக்கோடுகளை வளைக்க முயல்கிறது. வலிய புலம் வளைவை எதிர்க்கிறது. எனவே வளைவின் அளவு புலத்தின் வலிமையைக் காட்டிக்கொடுக்கும் என்பதே அவர்களின் வாதம். அவர்களுக்குக் கிடைத்த விடை ஏறத்தாழ 7 மைக்ரோகாஸ். இன்றைய மதிப்பீடுகளும் சில மைக்ரோகாஸ் என்னும் அளவிலேயே உள்ளன. இது புவியின் மேற்பரப்பிலுள்ள காந்தப்புலத்தில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு ஆகும்.

விண்மீன் வெடிப்புகளும் பெரிய விண்மீன்களிலிருந்து வீசும் காற்றுகளும் வளிமத்தைத் தொடர்ந்து கலக்குகின்றன. இவை சில பத்து முதல் சில நூறு ஒளியாண்டு அகலமுள்ள பெருஞ்சுழல்களை உண்டாக்குகின்றன. பெருஞ்சுழல்கள் சிறு சுழல்களாகவும், அவை மேலும் சிறிய சுழல்களாகவும் உடைகின்றன. ஆற்றில் பாலத்தூணை ஒட்டி எழும் சுழல் சிறுசிறு சுழிகளாகக் கலைந்து மறைவதை இதற்கு ஒப்பிடலாம். ஆற்றல் இவ்வாறு படிப்படியாகச் சிறிய அளவுகளுக்கு இறங்குவதை 1941 இல் உருசியக் கணிதவியலாளர் அந்திரே கோல்மகோரவ் விளக்கினார். அவருடைய கோட்பாட்டின்படி, ஆற்றல் நிறமாலை அலையெண்ணின் −5/3 ஆம் அடுக்காக அமையும். காந்தப்புலம் உள்ள பாய்மத்துக்கு −3/2 என்னும் அடுக்கை 1960களில் இரோசினிக்கவ், கிரெய்க்னன் ஆகியோர் தனித்தனியே முன்மொழிந்தனர். இவ்விரு எண்களுக்கு இடையிலான சிறு வேறுபாடு, அண்டக் கதிர்ப் பரவலில் அளந்தறியக்கூடிய விளைவைத் தருகிறது.

சீரான காந்தப்புலத்தில் இயக்கம்

மின்னூட்டம் கொண்ட துகளின் மீது காந்தப்புலம் செலுத்தும் விசை, எப்போதும் துகளின் இயக்கத்துக்குச் செங்குத்தாக அமைகிறது. இவ்விசை துகளின் ஆற்றலை மாற்றுவதில்லை. திசையை மட்டுமே மாற்றுகிறது. எனவே சீரான புலத்தில் துகள் புலக்கோட்டைச் சுற்றி ஒரு திருகுசுருள் பாதையில் செல்கிறது. அப்பாதையின் ஆரம் சுழற்சி ஆரம் எனப்படும். உந்தம் கூடினால் ஆரம் கூடும். மின்னூட்டமோ புலவலிமையோ கூடினால் ஆரம் குறையும். உந்தத்துக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம் துகளின் 'காந்த விறைப்பு' எனப்படுகிறது. ஒரே காந்த விறைப்புடைய புரோட்டானும் இரும்பு அணுக்கருவும் ஒரே பாதையில் செல்லும்.

3 மைக்ரோகாஸ் புலத்தில் புரோட்டானின் சுழற்சி ஆரம் தோராயமாகப் பின்வருமாறு அமையும்:

• 10¹⁰ எ.வோ. – 11 கோடி கிலோமீட்டர் (புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைவிடச் சற்றுக் குறைவு)
• 10¹² எ.வோ. – புவி–சூரியன் தொலைவைப் போல் 75 மடங்கு
• 10¹⁵ எ.வோ. – 1.2 ஒளியாண்டு
• 10¹⁸ எ.வோ. – 1,200 ஒளியாண்டு
• 10²⁰ எ.வோ. – 1,20,000 ஒளியாண்டு (பால் வழி வட்டின் விட்டத்தோடு ஒப்பிடத்தக்கது)

இப்பட்டியலிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, பெரும்பாலான அண்டக் கதிர்களின் சுழற்சி ஆரம் பால் வழியின் அளவோடு ஒப்பிட மிகமிகச் சிறியது. அவை பால் வழியின் காந்தப்புலத்தில் சிறைப்பட்டுள்ளன. இரண்டாவது, மிகவுயர்ந்த ஆற்றல் கொண்ட துகள்களைப் பால் வழியால் பிடித்து வைக்க இயலாது.

கொந்தளிப்பில் சிதறல்

புலக்கோட்டில் சிறு நெளிவுகள் இருக்கும்போது துகளின் திருகுசுருள் பாதை குலைகிறது. ஆனால் எல்லா நெளிவுகளும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. சுழற்சி ஆரத்தைவிட மிக நீண்ட நெளிவை, வளைந்த பாதையில் செல்லும் தொடர்வண்டியைப் போலத் துகள் மெல்லப் பின்பற்றிச் செல்லும். ஆரத்தைவிட மிகக் குறுகிய நெளிவுகள் ஒரு சுற்றுக்குள்ளேயே ஒன்றையொன்று ஈடுசெய்து விடும். நெளிவின் நீளம் சுழற்சி ஆரத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும்போது மட்டும், துகளின் ஒவ்வொரு சுற்றும் அலையின் ஒவ்வொரு நெளிவோடு இசைந்து அமைகிறது. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்பத் தள்ளினால் வீச்சு பெருகுவதைப் போல, அப்போது திசைமாற்றம் பெருகுகிறது. இது ஒத்ததிர்வுச் சிதறல் எனப்படும்.

இச்சிதறலில் மாறுவது, துகளின் திசைக்கும் புலக்கோட்டுக்கும் இடையிலுள்ள கோணமாகும். 10¹⁰ எ.வோ. புரோட்டான் ஏறத்தாழ 40 நிமிடங்களுக்கு ஒருமுறை புலக்கோட்டைச் சுற்றி வருகிறது. அதனோடு ஒத்ததிரும் அளவிலுள்ள நெளிவுகள், மொத்தப் புலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வலிமை உடையவை எனக் கொண்டால், ஒரு சுற்றில் ஏற்படும் கோணமாற்றம் மிகச் சிறியது. இம்மாற்றங்கள் ஒழுங்கற்ற முறையில் சேர்ந்து, சில இலட்சம் சுற்றுகளுக்குப் பின் துகளின் திசை முற்றிலும் மாறிவிடுகிறது. இதற்குப் பத்தாண்டு அளவிலான காலம் போதுமானது. அதாவது, சில ஒளியாண்டுத் தொலைவுக்கு ஒருமுறை துகள் தான் வந்த திசையை 'மறந்து' விடுகிறது.

ஒத்ததிர்வின் இன்னொரு விளைவு, வெவ்வேறு ஆற்றல் கொண்ட துகள்கள் வெவ்வேறு அளவிலான நெளிவுகளால் சிதறடிக்கப்படுவதாகும். கொந்தளிப்பில் பெரிய நெளிவுகளே வலிமை மிக்கவை என்றாலும், உயர் ஆற்றல் துகளின் சுழற்சி ஆரம் அதைவிட விரைவாகக் கூடுவதால், மொத்தத்தில் ஆற்றல் கூடியவை குறைவாகவே சிதறி விரைந்து வெளியேறுகின்றன.

இதுவரை கூறியது புலக்கோட்டின் வழியே நிகழும் இயக்கமாகும். புலக்கோட்டுக்குக் குறுக்கே துகள் நகர்வதும் உண்டு. புலக்கோடுகளே கொந்தளிப்பில் அலைந்து திரிவதால், அருகருகே தொடங்கும் இரு கோடுகள் தொலைவு செல்லச் செல்லப் பிரிந்து விடுகின்றன. அவற்றைப் பற்றிச் செல்லும் துகள்களும் பிரிகின்றன. 1969 இல் சோக்கிப்பியும் பார்க்கரும் இதனை விளக்கினர்.

விரவல்

பல சிதறல்கள் சேர்ந்த இயக்கம், நீரில் இட்ட மைத்துளி பரவுவதைப் போன்ற விரவலாக அமைகிறது. சமவாய்ப்பு நடையில், கடந்த நிகரத் தொலைவு அடிகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. எண்ணிக்கையின் இருபடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. எடுத்துக்காட்டாக, ஓர் அடி 5 ஒளியாண்டு எனில், 5,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள இடத்தை அடைய 1,000 அடிகள் போதா. ஏறத்தாழ 10 இலட்சம் அடிகள் தேவை. ஒளி 5,000 ஆண்டுகளில் கடக்கும் தொலைவை அண்டக் கதிர் கடக்க ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகள் ஆகும்.

பரவலின் விரைவை அளக்கும் எண் விரவல் குணகம் எனப்படும். பால் வழியில் சில கிகா எலக்ட்ரான்வோல்ட் (1 கிகா = 100 கோடி) ஆற்றலுடைய துகள்களுக்கு இதன் மதிப்பு, விநாடிக்கு 10²⁸ முதல் 10²⁹ சதுர சென்டிமீட்டர் என மதிப்பிடப்படுகிறது. கோல்மகோரவ் வகைக் கொந்தளிப்பில் விரவல் குணகம் காந்த விறைப்பின் 1/3 ஆம் அடுக்காகவும், கிரெய்க்னன் வகையில் 1/2 ஆம் அடுக்காகவும் கூடும். இவ்விரண்டில் எது சரி என்பதை அண்டக் கதிர்களைக் கொண்டே சோதிக்கலாம்.

நோக்கீட்டுச் சான்றுகள்

போரான்–கார்பன் விகிதம்

லித்தியம், பெரிலியம், போரான் ஆகிய மூன்று தனிமங்களும் விண்மீன்களின் உட்பகுதியில் அழிந்து விடுவதால் இயற்கையில் மிக அரியவை. சூரிய மண்டலத்தில் போரான் அணுக்கள், கார்பன் அணுக்களின் எண்ணிக்கையில் பத்து இலட்சத்தில் சில பங்கே உள்ளன. அண்டக் கதிர்களிலோ, ஒரு நியூக்கிளியானுக்கு 1 கிகா எலக்ட்ரான்வோல்ட் அளவில், கார்பன் எண்ணிக்கையில் ஏறத்தாழ 30 விழுக்காடு போரான் காணப்படுகிறது. இவை பயணத்தின் போது உண்டானவை. கார்பன், ஆக்சிசன் முதலிய அணுக்கருக்கள் விண்மீனிடை வளிமத்தில் மோதி உடையும்போது போரான் உருவாகிறது.

ஆகவே போரானின் அளவு, அண்டக் கதிர்கள் எவ்வளவு பொருளைக் கடந்து வந்தன என்பதைக் காட்டும் அளவுகோலாகிறது. அவை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 கிராம் வரை பொருளைக் கடந்திருக்க வேண்டும். பால் வழியின் வட்டைக் குறுக்காக ஒருமுறை கடந்தால் ஒரு கிராமில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவிலான பொருளே எதிர்ப்படும். எனவே ஓர் அண்டக் கதிர் வட்டினூடே ஆயிரக்கணக்கான முறை குறுக்கிட்டுச் சென்றிருக்க வேண்டும். துகள்கள் நேர்கோட்டில் வருவதில்லை என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

அனைத்துலக விண்வெளி நிலையத்தில் 2011 ஆம் ஆண்டு பொருத்தப்பட்ட ஆல்பா காந்த நிறமாலைமானி, 2016 இல் வெளியிட்ட முடிவின்படி, 65 கிகாவோல்ட்டுக்கு மேல் போரான்–கார்பன் விகிதம் காந்த விறைப்பின் −0.333 ஆம் அடுக்காகக் குறைகிறது. இது கோல்மகோரவ் கொந்தளிப்பு தரும் 1/3 என்னும் எண்ணோடு பொருந்துகிறது.

பெரிலியம் கடிகாரம்

இவ்வாறு உண்டாகும் பெரிலியம்-10 என்னும் ஓரிடத்தான் கதிரியக்கம் உடையது. இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 13.9 இலட்சம் ஆண்டுகள். பெரிலியம்-9 நிலையானது. இவ்விரண்டின் விகிதம் ஒரு கடிகாரமாகப் பயன்படுகிறது. 1997 இல் ஏவப்பட்ட ஏசு விண்கலத்தின் அளவீடுகளின்படி, அண்டக் கதிர்கள் பால் வழியில் தங்கும் காலம் ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகள் ஆகும்.

கடந்த பொருளின் அளவையும் காலத்தையும் ஒப்பிட்டால், துகள்கள் சென்ற வெளியின் சராசரி அடர்த்தி, வட்டின் அடர்த்தியைவிடப் பல மடங்கு குறைவாக இருப்பது தெரிகிறது. அதாவது அவை பெரும்பாலான காலத்தை வட்டுக்கு வெளியே, அதன் இருபுறமும் பல ஆயிரம் ஒளியாண்டு பரந்துள்ள அடர்த்தி குறைந்த காந்தச் சூழ்மண்டலத்தில் கழிக்கின்றன.

திசைச்சார்பு

சிதறல் மிகுதியாக இருப்பதால் அண்டக் கதிர்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் ஏறத்தாழச் சமமாக வருகின்றன. 10¹² எ.வோ. முதல் 10¹³ எ.வோ. வரையிலான ஆற்றலில் திசைகளுக்கு இடையிலான வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினதே. திபெத்திலுள்ள காற்றுப் பொழிவு அணி 2006 இல் இதன் விரிவான வரைபடத்தை வெளியிட்டது. பின்னர் மிலாக்ரோ, தென்முனையிலுள்ள ஐசுகியூப், மெக்சிகோவிலுள்ள ஆவ்க் முதலிய ஆய்வகங்கள் 10 முதல் 30 பாகை அகலமுள்ள சிறு மிகைப் பகுதிகளையும் கண்டன. எளிய விரவல் படிமம் இத்தகைய சிறு பகுதிகளை எதிர்பார்ப்பதில்லை. நமக்கு மிக அருகில், சில சிதறல் தொலைவுகளுக்குள் உள்ள காந்தப்புலத்தின் குறிப்பிட்ட வடிவமே இவற்றை உண்டாக்கியிருக்கலாம் என்று கருதப்படுகிறது.

தாமே உண்டாக்கும் அலைகள்

அண்டக் கதிர்கள் காந்தப்புலத்தில் மிதந்து செல்லும் வெறும் பயணிகள் அல்ல. பால் வழியில் அண்டக் கதிர்களின் ஆற்றல் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 எ.வோ. ஆகும். காந்தப்புலத்தின் ஆற்றல் அடர்த்தியும் கொந்தளிக்கும் வளிமத்தின் ஆற்றல் அடர்த்தியும் இதே அளவினவாகும். எனவே அண்டக் கதிர்கள் காந்தப்புலத்தையும் மாற்ற வல்லவை.

1969 இல் ரசல் குல்சுரட், வில்லியம் பியர்சு ஆகியோர், அண்டக் கதிர்கள் ஆல்வென் அலையின் வேகத்தைவிட விரைவாக ஒரு திசையில் திரளாக ஓடினால், அவையே ஆல்வென் அலைகளை வளர்க்கும் என்று காட்டினர். அவ்வலைகள் துகள்களைச் சிதறடித்து அவற்றின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. இது தாரை நிலையின்மை எனப்படுகிறது. ஏறத்தாழ 200 கிகாவோல்ட்டுக்குக் கீழ் இவ்வலைகளும், அதற்கு மேல் பெருஞ்சுழல்களிலிருந்து இறங்கி வரும் கொந்தளிப்பும் சிதறலை ஆள்கின்றன என்பது ஒரு கருதுகோள்.

இக்கருதுகோளுக்கு நோக்கீட்டு ஆதரவு உண்டு. 2011 இல் பமேலா விண்கருவி, 200 கிகாவோல்ட்டை ஒட்டிப் புரோட்டான், ஹீலியம் நிறமாலைகளின் சரிவு தணிவதைக் கண்டது. 2018 இல் ஆல்பா காந்த நிறமாலைமானி, பயணத்தில் உண்டாகும் லித்தியம், பெரிலியம், போரான் ஆகியவற்றில் இத்தணிவு இன்னும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. தணிவு மூலத்திலேயே உண்டானதெனில் எல்லா அணுக்கருக்களிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பயணத்தில் பிறந்தவற்றில் கூடுதலாக இருப்பதால், காரணம் பரவலில் உள்ளதெனக் கொள்ளப்படுகிறது.

தீராத சிக்கல்கள்

1995 இல் பீட்டர் கோல்டுரைக்கு, சிறீதர் ஆகியோர் காந்தக் கொந்தளிப்பின் சுழல்கள் உருண்டையானவை அல்ல. சிறிதாகச் சிறிதாகப் புலக்கோட்டின் வழியே நீண்டு மெலிகின்றன என்று காட்டினர். இது அண்டக் கதிர்க் கோட்பாட்டுக்குப் பெருஞ்சிக்கலானது. இத்தகைய நீண்ட சுழல்கள் பலவற்றைத் துகள் ஒரே சுற்றில் குறுக்கே கடப்பதால், அவற்றின் விளைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்து விடுகின்றன. ஆல்வென் அலைகளால் ஏற்படும் சிதறல், அளவீடுகளுக்குத் தேவையானதைவிட மிகக் குறைவாகிறது.

இதற்கு மாற்றாக, அழுத்தமும் புலமும் சேர்ந்து அதிரும் விரைவுக் காந்த அலைகளே சிதறலுக்குக் காரணம் என்று 2002 இல் யான், லசாரியன் ஆகியோர் முன்மொழிந்தனர். ஆனால் இவ்வலைகள் பல சூழல்களில் விரைவில் தணிந்து விடக்கூடியவை. 2023 ஆம் ஆண்டு முதல் வெளியான சில ஆய்வுகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. கொந்தளிப்பில் புலக்கோடுகள் ஆங்காங்கே கொண்டை ஊசி வளைவுகளைப் போலக் கூர்மையாக மடங்குகின்றன. துகள் நெடுந்தொலைவு தடையின்றிச் சென்று, அத்தகைய வளைவு ஒன்றில் ஒரேயடியாகத் திசை மாறலாம். அவ்வாறெனில், பல சிறு மாற்றங்களின் கூட்டு என்னும் பழைய படிமம் திருத்தப்பட வேண்டியிருக்கும்.

விரவல் குணகம் எங்கும் ஒன்றா என்பதும் கேள்விக்குள்ளாகியுள்ளது. ஏறத்தாழ 800 ஒளியாண்டு தொலைவிலுள்ள கெமிங்கா என்னும் துடிவிண்மீனைச் சுற்றிப் பரந்த காம்மா கதிர் ஒளிர்வை ஆவ்க் ஆய்வகம் 2017 இல் ஆராய்ந்தது. அங்குள்ள எலக்ட்ரான்கள், பால் வழியின் சராசரியைவிட நூறு மடங்கு அளவில் மெதுவாக விரவுவது தெரியவந்தது. 2008 இல் பமேலா கண்ட மிகையான பாசிட்ரான்கள் இத்தகைய துடிவிண்மீன்களிலிருந்து வந்தனவா என்னும் விவாதத்தில் இது முக்கிய இடம் பெறுகிறது. விரவல் வழி நெடுகிலும் இவ்வளவு மெதுவானதெனில், கெமிங்காவின் பாசிட்ரான்கள் புவியை இன்னும் வந்தடைந்திருக்க முடியாது.

சூரிய மண்டலத்துள் பரவல்

புவியை அடையுமுன் அண்டக் கதிர்கள் சூரியக் காற்றையும் கடக்க வேண்டும். சூரியக் காற்று, கொந்தளிப்பான காந்தப்புலத்தை வெளிநோக்கிச் சுமந்து செல்கிறது. உள்ளே வர முயலும் துகள்கள் எதிர்நீச்சல் போட வேண்டியுள்ளது. சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் புவியை அடையும் குறைந்த ஆற்றல் அண்டக் கதிர்கள் குறைகின்றன. தணிந்த ஆண்டுகளில் கூடுகின்றன. இவ்வாறு 11 ஆண்டுச் சுழற்சி தோன்றுகிறது. சூரியனிலிருந்து பெரும் பிளாஸ்மா முகில் வெளியேறிப் புவியைக் கடக்கும்போது சில நாட்களுக்கு அண்டக் கதிர்கள் குறைவதை 1930களில் இசுகாட்டு போர்புசு கண்டறிந்தார்.

நெடும்பயணம் செல்லும் விண்வெளி வீரர்கள் பெறும் கதிர்வீச்சின் அளவும் இதனைச் சார்ந்தது. ஆகவே இப்பகுதி நடைமுறைப் பயனும் உடையது.

வாயேசர் 1 விண்கலம் 2012 ஆகத்து 25 அன்றும், வாயேசர் 2 விண்கலம் 2018 நவம்பர் 5 அன்றும் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்தன. சூரியனால் குறைக்கப்படாத விண்மீனிடை அண்டக் கதிர்கள் முதன்முறையாக நேரடியாக அளக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் நடத்தும் கிரேப்சு-3 ஆய்வகம், 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கியைக் கொண்டுள்ளது. 2015 சூன் 22 அன்று சூரியப் பிளாஸ்மா முகில் ஒன்று புவியின் காந்தக் கோளத்தை அமுக்கியபோது, இரண்டு மணி நேரம் நீடித்த மியூவான் மிகுதியை இது பதிவு செய்தது. புவியின் காந்தக் காப்பு தற்காலிகமாக வலுவிழந்ததே காரணம் என ஆய்வுக் குழுவினர் 2016 இல் விளக்கினர். 2024 இல் இதே ஆய்வகம், 1.66×10¹⁴ எ.வோ. அளவில் புரோட்டான் நிறமாலையின் சரிவு தணிவதை அறிவித்தது.

மிகவுயர் ஆற்றல் அண்டக் கதிர்கள்

ஆற்றல் கூடும்போது காந்தப்புலத்தின் பிடி தளர்கிறது. அர்கெந்தீனாவிலுள்ள பியேர் ஓசே ஆய்வகம் 2017 இல், 8×10¹⁸ எ.வோ.க்கு மேற்பட்ட அண்டக் கதிர்கள் வானின் ஒரு பாதியிலிருந்து சற்றுக் கூடுதலாக வருவதாக அறிவித்தது. வேறுபாட்டின் வீச்சு ஏறத்தாழ 6.5 விழுக்காடு. மிகைத் திசை பால் வழியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 125 பாகை விலகியிருந்ததால், இவை பால் வழிக்கு வெளியே பிறந்தவை என்னும் முடிவு வலுப்பெற்றது.

எனினும் மிகவுயர் ஆற்றலிலும் சிக்கல் நீங்கவில்லை. 2021 மே 27 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள தொலைநோக்கி அணி ஏறத்தாழ 2.4×10²⁰ எ.வோ. ஆற்றலுடைய துகளைப் பதிவு செய்தது. 'அமத்தெரசு' எனப் பெயரிடப்பட்ட இத்துகள் வந்த திசையில், விண்மீன் பேரடைகள் அரிதாகவுள்ள வெற்றுவெளியே காணப்படுகிறது. அது கனமான அணுக்கருவாக இருந்திருந்தால், மின்னூட்டம் கூடுதலாதலால் பாதை எதிர்பார்த்ததைவிட மிகுதியாக வளைந்திருக்கலாம்.

கணினி மாதிரிகள்

கொந்தளிப்பான புலத்தில் துகளின் பாதையைத் தாளில் எழுதித் தீர்க்க இயலாது. ஆகையால் கணினி மாதிரிகள் இன்றியமையாதவை. இவை இரு வகைப்படும்.

முதல் வகையில், பால் வழி முழுவதற்கும் விரவல் சமன்பாடு எண்முறையில் தீர்க்கப்படுகிறது. 1990களின் பிற்பகுதியில் ஆண்டுரூ இசுட்ராங், இகோர் மொசுகலென்கோ ஆகியோர் உருவாக்கிய கால்புரோப் இவ்வகையில் பரவலாகப் பயன்படும் மென்பொருளாகும். இதில் விரவல் குணகம் உள்ளீடாகத் தரப்படுகிறது. அது ஏன் அம்மதிப்பைக் கொண்டுள்ளது என்பதற்கு இவ்வகை மாதிரி விடை தருவதில்லை.

இரண்டாம் வகையில், பல்வேறு நீளமும் திசையும் கொண்ட அலைகளைக் கூட்டிச் செயற்கைக் கொந்தளிப்பு உருவாக்கப்பட்டு, அதில் பல்லாயிரம் துகள்களின் பாதை ஒவ்வோர் அடியாகக் கணிக்கப்படுகிறது. இங்குள்ள தடை அளவு வேறுபாடு ஆகும். 300 ஒளியாண்டுப் பெருஞ்சுழலுக்கும் 10¹⁰ எ.வோ. புரோட்டானின் சுழற்சி ஆரத்துக்கும் இடையே ஏறத்தாழ 3 கோடி மடங்கு வேறுபாடு உள்ளது. இரண்டையும் ஒரே முப்பரிமாணக் கட்டமைப்பில் அடக்க 10²²க்கும் மேற்பட்ட கட்டங்கள் தேவைப்படும். இது எந்தக் கணினிக்கும் இயலாதது. ஆகவே உயர் ஆற்றலில் கணித்ததைக் குறைந்த ஆற்றலுக்கு நீட்டிப்பதே வழக்கம். தீராத சிக்கல்கள் பலவும் இந்நீட்டிப்பு சரியா என்பதிலேயே அடங்கியுள்ளன.

பிறப்பிடத்தைக் காணும் மாற்று வழிகள்

அண்டக் கதிர்கள் தம் மூலத்துக்கு அருகிலுள்ள வளிமத்தில் மோதும்போது பையான்கள் உண்டாகின்றன. அவை சிதைந்து காம்மா கதிர்களையும் நியூட்ரினோக்களையும் தருகின்றன. இவ்விரண்டுக்கும் மின்னூட்டம் இல்லை. எனவே காந்தப்புலம் இவற்றை வளைப்பதில்லை. அண்டக் கதிர் மறந்துவிட்ட திசையை இவை காட்டுகின்றன.

• 2013 இல் பெர்மி விண்தொலைநோக்கி, ஐசி 443, டபிள்யூ 44 ஆகிய இரு மீயொளிர் விண்மீன் எச்சங்களில் பையான் சிதைவுக்கே உரிய காம்மா நிறமாலையைக் கண்டது. அங்குப் புரோட்டான்கள் முடுக்கம் பெறுவது இதனால் உறுதியானது.
• 2021 இல் சீனாவின் இலாசோ ஆய்வகம், பால் வழியில் மிகவுயர் ஆற்றல் காம்மா கதிர்களை வெளியிடும் 12 மூலங்களை அறிவித்தது. அன்னம் விண்மீன் குழுவின் பகுதியிலிருந்து வந்த 1.4×10¹⁵ எ.வோ. ஒளியன் இவற்றுள் ஒன்று.
• 2023 இல் ஐசுகியூப், பால் வழியின் தளத்திலிருந்து வரும் நியூட்ரினோக்களை அறிவித்தது.

மீயொளிர் விண்மீன் வெடிப்புகள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ 10 விழுக்காடு துகள்களுக்குச் சென்றால், பால் வழியின் அண்டக் கதிர்கள் அனைத்தையும் ஈடுசெய்ய முடியும். ஆயினும் இக்கணக்கு, துகள்கள் எவ்வளவு காலம் பால் வழியில் தங்குகின்றன என்பதைப் பொறுத்தது. அக்காலம் பரவலைப் பொறுத்தது. 'முழங்கால்' அளவு ஆற்றலை விண்மீன் எச்சங்கள் தர வல்லவையா, அன்றி இளம் பெரு விண்மீன் கூட்டங்களும் வேறு பொருள்களும் பங்கு கொள்கின்றனவா என்பது தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறது.

இவற்றையும் பார்க்கவும்

• அண்டக் கதிர்
• ஆல்வென் அலை
• கொந்தளிப்பு
• மீயொளிர் விண்மீன் வெடிப்பு
• சூரியக் காற்று
• சமவாய்ப்பு நடை
• சுப்பிரமணியன் சந்திரசேகர்